காவலுக்குப் போன வியாழக்கிழமைகள்

போன சனிக்கிழமை டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஹ்விடோவ்ரேயில் ஒரு காய்கறிக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு குரல்.

"மாலா, நீர் இப்ப அந்தக் கறுவல் பிள்ளையளோட திரியிறீராம்... உண்மையே?"

திரும்பினேன். தெரிந்த முகம். நல்ல மனுஷி. நான் சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது ஒரு கிழமை முழுக்கச் சோறு கட்டிக்கொண்டு வந்து தந்தவர்.

"ஓம், உண்மைதான்" என்றேன்.

"ஏன் உமக்குத் தேவையில்லாத வேலை?"

நியாயமான கேள்வி. இரண்டு வருடத்துக்கு முன்னர் என்றால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன் — ஒருவேளை இதைவிட மோசமாக. கடையில் நின்று சொல்லக்கூடிய பதிலா அது? வெண்டிக்காய் வாடிவிடும். அதனால்தான் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் சபைக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு நடுவே, முன்பு தரைவிரிப்பு விற்ற கடை அது. ஞாயிறு ஆராதனை, வெள்ளி ஜெபம், எப்போதாவது ஒரு பிறந்தநாள். மற்ற நாட்களில் அங்கே உட்கார ஆளில்லாத கதிரைகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம். நான்தான் சபையின் செயலாளர்.

போன வருடம் பெப்ரவரியில் ஒரு நாள் மகள் அனுஷா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமூகப்பணி படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள். எங்கள் வீடு இருபது வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

"அம்மா, பிந்தாவின் குழுவுக்குச் சந்திக்க இடமில்லை. நம்முடைய மண்டபத்தை வியாழக்கிழமைகளில் தர முடியுமா?"

பிந்தா அவளோடு படிப்பவள். இருபத்துமூன்று வயது. பெற்றோர் காம்பியாவிலிருந்து வந்தவர்கள். இவள் பிறந்தது அனுஷா பிறந்த அதே ஆஸ்பத்திரியில். பிந்தாவும் இன்னும் சில கறுப்பின இளையவர்களும் சேர்ந்து ஒரு சின்ன அமைப்பு நடத்துகிறார்கள். பள்ளிக்கூடத்தில், வேலையிடத்தில், பஸ்ஸில் — நிறத்துக்காக அவமானப்பட்ட பிள்ளைகள் அங்கே வருவார்கள். நடந்ததை எழுதப் பழகுவார்கள். முறைப்பாட்டுக் கடிதம் எப்படி எழுதுவது, அதிகாரிக்கு முன்னால் குரல் நடுங்காமல் எப்படிப் பேசுவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். கூட்டங்களுக்குத் துணையாகவும் போவார்கள். அவர்கள் சந்தித்துவந்த அறையைத் திருத்த வேலைக்காக மூடிவிட்டார்கள். வேறு இடம் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

"கேட்டுப் பாக்கிறன்" என்றேன். அம்மாமார் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அனுஷாவுக்குத் தெரியும்.

ஆனாலும் கேட்டேன்.

கொமிட்டியில் பாஸ்ரர், நான், குணம் அண்ணை. குணம் அண்ணையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கிரின்ஸ்டெட் என்ற தூரத்து ஊரில் இருபத்தைந்து வருடம் தொழிற்சாலை வேலை செய்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கவென்று இங்கே வந்தவர். அந்த மண்டபத்தில் அவருடைய கை படாத சுவர் இல்லை. பெயின்ற் அடித்தது அவர், தரை போட்டது அவர், சமைக்கிற குசினிக்கு அலுமாரி செய்தது அவர்.

நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"காப்பிலிப் பிள்ளையளுக்கோ? தங்கச்சி, உமக்கென்ன விசரே?"

"அண்ணை, நல்ல பிள்ளையள். படிக்கிற பிள்ளையள்."

"நான் கெட்ட பிள்ளையள் எண்டு சொன்னனானே? நாங்கள் உண்டு, எங்கட வேலை உண்டு எண்டு இவ்வளவு காலம் இருந்திட்டம். ஒருத்தரும் எங்களைக் கைநீட்டிக் கதைக்கேல்லை. இனி இந்த நிறம், நீதி எண்டு கொடி பிடிக்கிற ஆக்களை உள்ள விட்டால், நாளைக்கு எங்களையும் அந்தக் கணக்கிலதான் சேர்ப்பாங்கள்."

பாஸ்ரர் தாடியைத் தடவினார். "எங்கட ஆக்கள் ஆராவது முன்னுக்கு நிண்டு நடத்தினால் யோசிக்கலாம்..." என்று இழுத்தார்.

கடைசியில் நான்கு நிபந்தனைகளோடு சம்மதித்தார்கள். சப்பாத்தைக் கழற்ற வேண்டும். ஆறு மணிக்கு வெளியேற வேண்டும். குசினி அலுமாரி பூட்டியிருக்கும். நான்காவது — எங்கள் ஆள் ஒருவர் எப்போதும் அங்கே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதைச் சொன்னது யார் தெரியுமா? நான்தான். "எனக்கு வியாழக்கிழமை வேலை ஒரு மணிக்கு முடியும். நான் போய் இருந்து ஒரு கண் வைச்சிருக்கிறன்" என்று பெருமையாகச் சொன்னேன். காரியம் முடிந்ததே என்ற சந்தோஷம்.

அனுஷா என்னைக் கூட்டிக்கொண்டுபோக வந்து, வாசலில் ஜக்கெற்றோடு நின்றிருந்தாள். காரில் ஏறினோம். மழைத்தூறல். நான்கு சிக்னல் தாண்டியபிறகு அவள் கேட்டாள்.

"கறுப்பினப் பிள்ளைகளுக்கு அவர் சொன்ன அந்தச் சொல்... எனக்கு அர்த்தம் தெரியாது என்று நினைக்கிறாயா?"

"அவர் பழைய ஆள் பிள்ளை. ஒரு பழக்கத்தில சொல்லுறார்."

"நீயும் சொல்லியிருக்கிறாய், அம்மா. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது. என் கூட்டாளி விளையாடிவிட்டுப் போனபிறகு, அப்பாவிடம்."

எனக்கு ஞாபகமில்லை. அதுதான் பயமாக இருந்தது. சொன்ன எனக்கு ஞாபகமில்லை... கேட்ட பிள்ளை பத்து வருடத்துக்கு மேலாக அதை வைத்திருக்கிறது.

முதல் வியாழக்கிழமை, மார்ச் மாதம். கடலிலிருந்து பனிமூட்டம் எழும்பி, தெருவெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. எதிரே இருக்கும் பெயின்ற் கடைகூடத் தெரியவில்லை. நான் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு மஞ்சள் தொப்பி மிதந்து வந்தது. பிறகு ஒரு சிவப்புப் பை. பிறகு சிரிப்புச் சத்தம். அதற்குப் பிறகுதான் முகங்கள். பன்னிரண்டு பேர், ஒருவர் பின் ஒருவராக, யாரோ மெதுவாக வரைந்து முடிப்பதுபோல் வெளிச்சத்துக்குள் வந்தார்கள்.

பிந்தா கடைசியாக வந்தாள். உயரமான பெண். நான் நிபந்தனைகளை டெனிஷில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். நின்று, ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"நான்காவது வரியில் இருக்கும் அந்த ஆள் யார்?"

"நான்தான்."

என்னை ஒரு கணம் பார்த்தாள். "சரி. அப்படியென்றால் உங்களுக்கும் ஒரு கதிரை போடுகிறோம்."

(டெனிஷில் இப்போது நீ, நீங்கள் என்ற வித்தியாசமெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. தமிழில் எழுதும்போது நானே எனக்கு மரியாதை போட்டுக்கொள்கிறேன். கண்டுகொள்ளாதீர்கள்.)

நான் அந்தக் கதிரையில் உட்காரவில்லை. கடைசி வரிசையில் ஹீற்றருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். காவல்காரி தூரத்தில்தானே இருக்க வேண்டும்! மடியில் ஒரு கொப்பி. இந்தப் பத்தியை எழுதுவதாகப் பாவனை.

என் வேலை முதியோருக்குச் சமைத்து அனுப்பும் ஒரு பெரிய சமையலறையில். காலை ஐந்தரைக்குத் தொடங்கும். மத்தியானம் மூன்று மணிக்கு ஹீற்றர் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? கண் சொருகும். பேனை நழுவும். ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் வந்து கதிரைகளின் மேல் நீளமாகப் படுக்கும். தூசி அதற்குள் மெதுவாக நீந்தும். அந்தப் பிள்ளைகளின் குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். அரைத் தூக்கத்தில் டெனிஷ் தமிழாகிவிடும். யாரோ என் சித்தி மகள்கள் குசினிக்குள் இருந்து கதைப்பதுபோல் இருக்கும். வாசகர்களே, போன வசந்தத்தில் இந்தப் பத்தியில் கொஞ்சம் தூக்கக் கலக்கம் தெரிந்திருந்தால் காரணம் இதுதான்.

இப்படி மூன்றோ நான்கோ வியாழக்கிழமைகள் மிதந்து போயின.

பிறகு ஒரு நாள்... அதே வெயில், அதே கிறக்கம். அந்த மயக்கத்துக்குள் ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது.

"நான் எதையும் எடுக்கவில்லை."

கண் திறந்தபோது நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கொப்பி தரையில். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு கைகளும் சட்டைப் பைகளுக்குள் இருந்தன.

"மாலா?" பிந்தா கேட்டாள். "என்ன நடந்தது?"

பேசிக்கொண்டிருந்தவள் ஹோதான். பதினேழு வயது. பெற்றோர் சோமாலியாவிலிருந்து வந்தவர்கள். தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். படிப்பின் ஒரு பகுதியாக ஒரு உடுப்புக் கடையில் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். ஐந்து வாரம். வேலை முடிந்து வெளியேறும்போது தினமும் அவளுடைய பையைத் திறந்து பார்ப்பார்களாம். அவளோடு பயிற்சிக்கு வந்த இன்னொரு வெள்ளைக்காரப் பெண்ணின் பையைப் பார்ப்பதில்லை. ஆறாவது வாரம் "ஏன் என் பையை மட்டும்?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த நாள் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். அறிக்கையில் ஒரு வரி: நம்பகத்தன்மையில் குறைபாடு உண்டு. அந்த வரி பள்ளிக்கூடக் கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வேறு கடை தேடினால் அந்த வரியும் அவளுக்கு முன்னால் அங்கே போய் நிற்கும்.

"ஒன்றுமில்லை" என்றேன். உட்காரப் போனேன். உட்கார முடியவில்லை.

பிறகு சொன்னேன். என் கணவரிடமோ அனுஷாவிடமோ ஒரு நாளும் சொல்லாததை அந்தப் பன்னிரண்டு பேரிடம் சொன்னேன்.

டென்மார்க்குக்கு வந்த புதிதில் நாங்களும் கிரின்ஸ்டெட்டில்தான் இருந்தோம். எனக்கு இருபத்துநான்கு வயது. ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. ஒரு நாள் இடைவேளையில் ஒரு பெண் தன் கைக்கடிகாரத்தைக் காணவில்லை என்று தேடினாள். மேசையைச் சுற்றி எட்டுப் பேர். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார்கள்... அவ்வளவுதான். எல்லாக் கண்களும் மெதுவாக ஒரே பக்கம் வந்து நின்றன. நான் எழுந்து, என் மேலங்கியின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினேன். முகம் துடைக்கும் ஒரு கைலேஞ்சி, ஒரு பஸ் ரிக்கற். யாரும் கேட்கவேயில்லை. நானாகவே காட்டினேன்.

கடிகாரம் கிடைத்ததா? எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் வந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போனபோது வழி நெடுக மஞ்சள் வயல். எவ்வளவு வடிவான நாள் என்று நினைத்துக்கொண்டே அழுதது மட்டும் ஞாபகம்.

 பிந்தாதான் கேட்டாள்.

"அப்போது உங்கள் பக்கத்தில் யாருமே இல்லையா?"

"இல்லை."

"யாரிடமாவது சொன்னீர்களா?"

"இப்பதான்."

ஹோதான் எழுந்துபோய், அவர்கள் வட்டத்துக்குள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். இந்த முறை போய் உட்கார்ந்தேன்.

அன்று எல்லோரும் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது நான் குசினிக்குள் போனேன். அலுமாரியில் நான் போட்ட பூட்டைக் கழற்றினேன். திரும்பினால் ஹோதான், கையில் வெறும் தண்ணீர்ப் போத்தலோடு.

"அது எப்போதும் அங்கே இருக்கும் பூட்டா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லை. நீங்கள் வருகிறீர்கள் என்று போட்டது."

அவள் தலையாட்டினாள். "தெரியும். முதல் நாளே தெரியும். புதுப் பூட்டு. அதன் ஸ்ரிக்கர்கூட நீங்கள் கிழிக்கவில்லை."

கையிலிருந்த பூட்டைப் பார்த்தேன். ஸ்ரிக்கர் இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, "அடுத்த கிழமை வருவீர்கள்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் முழுக்க அவர்கள் ஹோதானின் கூட்டத்துக்காகப் பயிற்சி செய்தார்கள். பள்ளிக்கூட ஆலோசகரைச் சந்தித்து அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பிந்தா என்னிடம் வந்தாள்.

"மாலா, எங்களில் யார் ஆலோசகராக நடித்தாலும் சிரிப்பு வந்துவிடுகிறது. நீங்கள் நடிக்கிறீர்களா?"

நடித்தேன். என்னை நானே மெச்சக்கூடாது — ஆனால் மிக நன்றாக நடித்தேன். பயப்படும் அளவுக்கு நன்றாக. இனிமையான குரல் தானாக வந்தது. "இதை இவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டுமா, ஹோதான்?" "அவர்கள் கெட்ட நோக்கத்தோடு செய்திருக்க மாட்டார்கள்." "கடைக்கும் ஒரு நடைமுறை இருக்கும்தானே?" ஒவ்வொரு வசனமும் வரிசையில் நின்று காத்திருந்ததுபோல் வெளியே வந்தது. எங்கே படித்தேன் இதையெல்லாம்? பாதியை முப்பது வருடமாக மற்றவர்கள் எனக்குச் சொன்னார்கள். மற்றப் பாதியை... நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதல் தடவை ஹோதானின் குரல் அடைத்துக்கொண்டது. வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "திரும்பவும்" என்றாள். இரண்டாம் தடவை கோபம் வந்தது. மூன்றாம் தடவை கோபத்துக்கு நடுவே வழி தெரிந்தது. நான்காம் தடவை நான் என் இனிமையான வசனத்தைச் சொல்லி முடித்தபோது, அவள் அமைதியாக என் கண்ணைப் பார்த்துத் தன் கேள்வியைத் திரும்பக் கேட்டாள். எனக்கு அடுத்த வசனம் வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்த நாட்டில் இப்படியான கூட்டத்துக்கு ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். பக்கத்தில் இருந்து கேட்பவர், தேவையென்றால் பேசுபவர். ஹோதானுக்கு அந்தத் துணை பிந்தா. ஹோதானின் தாய் பஸ் ஓட்டுகிறார். அந்த நேரம் அவருக்கு வேலை. அதனால் பிந்தா என்னையும் கேட்டாள்.

"வயதான ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆனால் நீங்கள் பேச வேண்டாம், மாலா. இருந்தால் போதும்."

பேச வேண்டாமாம்! வாராவாரம் பேசுவதற்கென்றே ஒரு பத்தி வைத்திருப்பவளிடம்! அன்று வீடு போகும்வரை எனக்குள் ஒரே புகைச்சல். வயதானவராம் வேறு.

மே மாதம். ஆலோசகரின் அறை ஜன்னலுக்கு வெளியே லைலாக் பூத்திருந்தது. அதன் வாசம் அறைக்குள் வந்து, கோப்பியின் வாசத்தோடு கலந்து, இது ஏதோ விருந்து என்பதுபோல் ஒரு மயக்கம். ஆலோசகர் புன்னகையோடு எங்களை உட்காரவைத்தார். பிறகு நேராக என்னைப் பார்த்தார்.

"நீங்கள் தாயா?"

"இல்லை."

"அப்படியென்றால் அமைப்பின் பொறுப்பாளர் நீங்கள்தான், இல்லையா?"

பிந்தா என் இடது பக்கம். அமைப்பின் பெயர் எழுதிய கோப்பு அவளுக்கு முன்னால். கடிதங்களில் கையெழுத்துப் போட்டது அவள். ஆனால் அவர் கண் அவளைத் தாண்டி என்னிடம் வந்து நின்றது. என் தொண்டை வரை வசனங்கள் வந்துவிட்டன. நல்ல டெனிஷ், முப்பது வருட டெனிஷ். ஹோதானின் கதையை அவளைவிட நான் அழகாகச் சொல்லுவேன். அந்தக் கணம் — உண்மையைச் சொல்கிறேன் — சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது!

"பொறுப்பாளர் இவர்" என்று பிந்தாவைக் காட்டினேன். "நான் மண்டபத்தின் திறப்பை வைத்திருக்கிறவள். நடந்ததை ஹோதானிடம் கேளுங்கள்."

கதிரையில் சாய்ந்துகொண்டேன். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று.

ஹோதான் சொன்னாள். ஐந்து வாரம், எந்த நேரம், யார் பையைத் திறந்தார்கள், யாருடைய பையைத் திறக்கவில்லை. ஆலோசகர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையைச் சரித்து, "அவர்கள் கெட்ட நோக்கத்தோடு செய்திருக்க மாட்டார்கள், ஹோதான்" என்றார்.

நான் சொன்ன அதே வசனம்! சொல்லுக்குச் சொல். பிந்தாவின் முழங்கை என் கையில் மெல்ல இடித்தது.

ஹோதான் அசையவில்லை. "அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த வரி என் கோப்பில் ஏன் இருக்கிறது என்று கேட்கிறேன். நான் எதையும் எடுக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். கேள்வி கேட்டால் நம்பகத்தன்மை குறைவா?"

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ஆலோசகர் கோப்பைத் திறந்தார். அந்த வரியை, முதல்முறையாக வாசிப்பதுபோல், விரல் வைத்து வாசித்தார். புன்னகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இதை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

வெளியே வந்து மூன்று பேரும் நடந்தோம். எங்கே போவதென்று யாரும் சொல்லவில்லை. கால்கள் கடற்கரைக்குப் போய் நின்றன. பின்னேர வெயில். அலையே இல்லை. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு ஒரே வெள்ளி நிறம். ஹோதான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். குளிரில் கீச்சிட்டுச் சிரித்தாள். முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து நடந்து, அந்த வெள்ளிக்குள் கரைந்துவிடுவாள்போல் தூரப் போனாள். நானும் பிந்தாவும் கரையில் கல்லில் இருந்தோம்.

"நீங்கள் பேச ஆசைப்பட்டீர்கள், இல்லையா?" பிந்தா கேட்டாள்.

"மிகவும்."

"தெரிந்தது. கதிரை ஆடியது."

சிரித்தோம். வெயில் நகரவே இல்லை. அந்தப் பின்னேரம் இன்னும் எங்கேயோ முடியாமல் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அந்த வரி நீக்கப்பட்டது. இனிப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் முன், பைகளைச் சோதிக்கும் வழக்கம் உண்டா, யாருக்கெல்லாம் என்று கடைகளிடம் கேட்பார்களாம். ஹோதானுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இடம் கிடைத்தது. அந்த உடுப்புக் கடை? பிந்தா இரண்டு தடவை எழுதினாள். பதில் இல்லை. மன்னிப்பு இல்லை. எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் எழுதினால் ஹோதான் என்னோடு கோபித்துக்கொள்வாள்.

எனக்கு ஒன்று விளங்கியது. உதவி என்றவுடன் எங்களுக்கு மைக்கைக் கையில் எடுக்கத்தான் தெரிகிறது. முன்னுக்கு நிற்க வேண்டும், வழிகாட்ட வேண்டும், போட்டோவில் நடுவில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு வழி தெரியும். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு கதவு, பன்னிரண்டு கதிரை, வியாழக்கிழமை மூன்று மணி. அவ்வளவுதான். இதைக் கொடுக்க எங்களுக்கு எத்தனை யோசனை!

ஜூன் மாதக் கொமிட்டியில் சொன்னேன், இனிக் காவல் தேவையில்லை, நான் அந்த வட்டத்தில் ஒருத்தியாகத்தான் போவேன் என்று. பாஸ்ரர் சரி என்றார். குணம் அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே எனக்குப் பெரிதாகப் பட்டது.

செப்டெம்பரில் குசினிப் பைப் ஒழுகத் தொடங்கியது. திருத்தக் குணம் அண்ணை வந்தார். வேறு நாளில் வந்திருக்கலாம். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்தார். அரை மணித்தியாலத்தில் பைப் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகும் குசினிக்குள் இருந்து ஸ்பனர் சத்தம் அவ்வப்போது கேட்டது. கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தபோது கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"தங்கச்சி, ஒரு விசயம். இவையள்... எங்கட பிள்ளையளையும் எடுப்பினமோ?"

"ஆரை அண்ணை?"

"என்ர பேத்தியை. பதின்மூண்டு வயசு. நீச்சலுக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள். ஏனெண்டு கேட்டால் அழுறாள். பேந்துதான் சொன்னாள்... உடுப்பு மாத்திற அறையில மற்றப் பெட்டையள் அவளின்ர தோலைப் பாத்து என்னவோ சொல்லுறாளவையாம். ஊத்தை எண்டு. கழுவினாலும் போகாது எண்டு." ஸ்பனரைக் கை மாற்றிப் பிடித்தார். "ரெண்டு கிழமையா அந்தப் பிள்ளை கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறாள். நீர் உந்த உயரமான பிள்ளையிட்டைக் கேட்டுச் சொல்லும்."

"நீங்களே கேளுங்கோ அண்ணை."

"என்ர டெனிஷ் தொழிற்சாலை டெனிஷ் எல்லே."

"அது காணும்."

அவர் போனார். சொக்ஸோடு, கையில் ஸ்பனரோடு, பிந்தாவுக்கு முன்னால் போய் நின்றார். என்ன சொன்னார் என்பது முழுக்கக் கேட்கவில்லை. பிந்தா கதிரையை இழுத்து அவரை உட்காரவைத்தது தெரிந்தது. கொப்பியைத் திறந்தாள்.

"பேத்தியின் பெயர் என்ன?"

"சஹானா."

எழுதிக்கொண்டாள். "அடுத்த வியாழன் வரச் சொல்லுங்கள். தனியே வரப் பயமென்றால் நானே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன்."

குணம் அண்ணை தலையைக் குனிந்தார். தோள்கள் குலுங்கின. பிறகு நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார்.

நான் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கத் தொடங்கினேன் — சில நேரம் கண்ணை எடுத்துவிடுவதும் ஒரு உதவிதான்.